கொழுந்தனார் மேல் கட்டிய பிராது

அந்தத் திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டிச் சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம் வந்தது. மறுபடி திருப்பினேன். அந்தச் சத்தமும் வரவில்லை. பக்கத்து சீட்டில் என் கணவர் மடியில் துண்டும், அளந்து ஊற்றிய தண்ணீர் பாட்டிலுமாக உட்கார்ந்திருந்தார். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் அவருக்கு வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. ஏழரை மணிக்கு மெஷினில் இருக்க வேண்டும். விருத்தாசலத்திலிருந்து எப்படியும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். அன்றைக்குப் பார்த்து பேட்டரி செத்துப்போயிருந்தது.

வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அவருடைய முறையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாளைக்குள் அவருக்கு முகமும் காலும் வீங்கிவிட்டன. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி மூச்சுக்குத் திணறினார். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டே வண்டியைத் திட்டினேன், பேட்டரியைத் திட்டினேன், முந்தின நாளே பார்த்து வைக்காத என்னையும் திட்டினேன். இனி ஒரு நாளும் இந்த வண்டி என்னைக் கைவிடக் கூடாது என்று முடிவு செய்தேன். பிறகு நடந்தது அத்தனையும் அந்த முடிவால் வந்த வினைதான்.

செல்போன் எல்லார் கைக்கும் வர ஆரம்பித்திருந்த வருஷங்கள் அவை. செராமிக் பேட்டையில் எங்களுக்கு ஒரு சின்ன யூனிட் இருந்தது. மின்சாரப் பெட்டியில் மாட்டுகிற வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள் செய்தோம். பத்துப் பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர் படுத்த பிறகு யூனிட்டை நான் பார்த்துக்கொண்டேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது பேட்டை முழுக்கத் தெரியும். களிமண் ஏற்றி வரும் டிராக்டர்காரர் என்னைக் கண்டால் ஹாரன் அடிக்காமல் வருவார்.

கார் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அவருக்கு உடம்பு வந்த பிறகுதான். பஸ்ஸில் அவரால் நிற்க முடியாது. டயாலிசிஸ் முடிந்து வரும்போது கழுத்து நிற்காமல் தலை சாய்ந்துவிடும். அதனால் பழைய வண்டி ஒன்றை வாங்கினோம். என் கொழுந்தனாருக்கு, அதாவது அவருடைய தம்பிக்கு, நான் ஓட்டுவது பிடிக்கவில்லை. அவருக்கு ஜங்ஷன் ரோட்டில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. வண்டிகளுக்கு ஒயரிங், பேட்டரி, டைனமோ வேலை எல்லாம் பார்ப்பார்.

"அண்ணி, பொம்பள ஓட்டி அண்ணன் பக்கத்துல உக்காந்துகிட்டுப் போனா ஊர்ல என்னா பேசுவாங்க? வாரத்துல ரெண்டு நாளு நான் கடைய மூடிட்டு ஓட்டிகிட்டுப் போறேன்" என்றார்.

"ஊருக்காவா தம்பி டயாலிசிஸ் பண்றோம்?" என்று கேட்டேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது. ஆனால் என் மனசுக்குள் அது நிற்கவில்லை.

பேட்டரி செத்த பிறகு புதுசு வாங்கி வந்து மாட்டியதும் கொழுந்தனார்தான். மாட்டிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல் கால் மணி நேரம் அப்படியே ஓடவிட்டார். எஞ்சின் ஏறி இறங்கியது. இரண்டு முறை நின்றுபோனது. அவர் பதறவில்லை.

"இது பழைய கார்புரேட்டர் வண்டி மாதிரி இல்ல அண்ணி. பேட்டரிய மாத்தினா ஐட்லிங் கொஞ்சம் ஒழுங்கா நிக்காது. ஓட ஓடத் தானா சரியாயிடும்" என்றார்.

ஐட்லிங் என்றால் ஆக்சிலேட்டரை மிதிக்காதபோதும் எஞ்சின் தானாக மெல்ல ஓடிக்கொண்டிருப்பது. சிக்னலில், கேட்டில், ஸ்பீடு பிரேக்கரில் காலை எடுத்தாலும் வண்டி உயிரோடு இருக்கிறதே, அதுதான். அது இருக்கும்வரை யாருக்கும் அதன் பெயர்கூடத் தெரியாது. எனக்கும் அதுவரை தெரியாது.

அன்று சாயங்காலம் அவர் போன பிறகு நான் பானட்டைத் திறந்தேன். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் ஒரு டெர்மினலைக் கழற்றி ஒதுக்கி வைத்தேன். பழைய வண்டி, எங்காவது கரண்ட் கசிந்து பேட்டரி இறங்கலாம் என்று பேட்டரிக் கடைக்காரர் சொல்லியிருந்தார். இதற்கு எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பேட்டையில் எந்த யூனிட்டிலும் கடைசியாகக் கிளம்புகிறவர் மெயின் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார். முன்பு ஒருமுறை ஷார்ட் ஆகி எங்கள் அச்சு ஷெட்டு எரிந்ததிலிருந்து என் கணவர் இதில் ரொம்பக் கண்டிப்பு. பிடுங்கிவிட்டால் கரண்டு எங்கே போகும்? வண்டிக்கும் அதையே செய்தேன். தினமும் சாயங்காலம் கழற்றுவேன், விடியற்காலை மாட்டுவேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. கதவைத் தாழ் போட்டேன், பாலை மூடி வைத்தேன் என்று யாராவது யாரிடமாவது போய்ச் சொல்வார்களா?

அடுத்த வியாழன் விடியற்காலை வண்டி ஸ்டார்ட் ஆனது. பெரிதாக உறுமியது, பிறகு நடுங்கி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை மிதித்தபடியே கிளப்பினேன். காலை எடுத்தால் நின்றுவிடும். ஊரைத் தாண்டுவதற்குள் மூன்று முறை நின்றது. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். நிற்க வேண்டிய இடத்தில் பிரேக்குக்குப் பதில் இடது கையால் ஹேண்ட் பிரேக்கை இழுப்பது, வலது கால் ஆக்சிலேட்டரை விடாமல் பிடித்திருப்பது. இப்படியே கடலூர்வரை போனேன். போய் இறங்கும்போது தோள்பட்டை கழன்றுவிட்டது. ஆனால் மத்தியானம் திரும்பி வரும்போது வண்டி ஒழுங்காக இருந்தது. காலை எடுத்தாலும் நிற்கவில்லை.

சாயங்காலம் கொழுந்தனார் வந்து பார்த்தார். ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் சமர்த்தாக ஓடியது.

"எனக்கு நிக்கலையே அண்ணி" என்றார்.

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"அய்யய்யோ, அப்படி சொல்வேனா? காலையில கிளட்ச்ச சரியா மிதிச்சீங்களா?"

எனக்கு உச்சியில் ஏறியது. எஞ்சின் ஐட்லிங் நிற்காததற்கும் கிளட்சுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அன்று தெரியாது. ஆனால் அந்தக் கேள்விக்கும் நான் பெண் என்பதற்கும் என்ன சம்பந்தம் என்று நன்றாகத் தெரிந்தது.

மறுநாளும் காலையில் அதே கதை. அவர் பிளக் மாற்றினார். ஏர் ஃபில்டர் மாற்றினார். காற்று போகிற வாய்க்குப் பெயர் த்ராட்டில் பாடி என்றார். அதைக் கழற்றி உள்ளே படிந்திருந்த கரியைத் துணியால் துடைத்து எடுத்தார். ரப்பர் குழாய்களில் எங்காவது காற்று கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். ஒவ்வொரு சாயங்காலமும் வண்டி அவர் முன்னால் ஒழுங்காக ஓடும். ஒவ்வொரு காலையும் என் முன்னால் சாகும். யூனிட்டுக்கும் பார்சல் ஆபீசுக்கும் அட்டைப் பெட்டி ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க ஓட்டிச் சாயங்காலத்துக்குள் அது தேறிவிடும். நான் கவனித்தது வேறு. அவர் கை வைத்த மறுநாள்தான் வண்டி படுத்துக்கொள்கிறது.

அடுத்த திங்கட்கிழமை வழியில் ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, ஆக்சிலேட்டரை மிதித்தபடி நின்றேன். கேட் திறந்தது. எனக்குப் பின்னால் கரும்பு லாரி ஒன்று ஹாரன் அடித்தது. பதற்றத்தில் கால் ஒரு நொடி தளர்ந்தது. வண்டி தண்டவாளத்தின் மேலேயே நின்றது. சாவியைத் திருப்புகிறேன், உறுமுகிறது, சாகிறது. மறுபடி திருப்புகிறேன். கேட்டுக்காரர் கையை ஆட்டிக் கத்துகிறார். லாரியிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்து தள்ளினார்கள். என் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், அவ்வளவுதான். வீங்கின விரல்கள், ஜில்லென்று இருந்தன. அந்தப் பக்கம் போய் ஓரங்கட்டினேன். இந்த மனிதரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற நானே வழியில் கொன்றுவிடுவேனோ என்று பயந்தேன்.

அவர் மெல்ல டேஷ்போர்டில் இருந்த கடிகாரத்தின் பொத்தானை அழுத்தி மணியைச் சரி செய்தார். வண்டியில் அவர் செய்கிற ஒரே வேலை அது. தினம் காலையில் அந்தக் கடிகாரம் பன்னிரண்டிலிருந்துதான் ஆரம்பிக்கும். "சனியன், இதுவும் கெட்டுப் போச்சு" என்று நான் திட்டுவேன். அவர் திட்டாமல் திருத்துவார்.

அந்தப் புதன்கிழமை ஒரு எலக்ட்ரிக்கல் கடைக்குச் சாம்பிள் காட்டத் திட்டக்குடிக்குப் போனேன். திரும்பும்போது பிடித்துக்கொண்ட மழை, வீடு வந்த பிறகும் விடவில்லை. பானட்டைத் திறந்தால் எல்லாம் நனையும் என்று டெர்மினலைக் கழற்றாமல் உள்ளே ஓடிவிட்டேன். கொழுந்தனார் அன்று மங்கலம்பேட்டையில் ஒரு வேனுக்கு ஒயரிங் வேலையில் இருந்தார், வரவில்லை. வியாழன் காலை சாவியைத் திருப்பினேன். வண்டி சத்தம் இல்லாமல் சீராக ஓடியது. கடலூர்வரை ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. என் கணவர் வழியெல்லாம் தூங்கினார்.

சாயங்காலம் கொழுந்தனார் வந்தார். சந்தோஷமாக பானட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார், எதையோ அழுத்திப் பார்த்தார், மூடினார். "பாத்தீங்களா அண்ணி, சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வழக்கம்போல டெர்மினலைக் கழற்றினேன். வெள்ளிக்கிழமை காலை வண்டி செத்தது.

காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். காக்கா உட்கார்ந்ததையும் பனம்பழம் விழுந்ததையும் நான் கண்ணால் பார்த்தேன். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அவர் வராத நாள் வண்டி ஓடுகிறது. அவர் வந்தால் நிற்கிறது. பெண் ஓட்டக் கூடாது என்றவர் அவர். நான் தோற்று, 'தம்பி, இனிமே நீங்களே ஓட்டுங்க' என்று சொல்ல வேண்டும் என்பதற்காக அண்ணன் உயிரோடு விளையாடுகிறார். இப்படித்தான் நினைத்தேன். ஒரு நிமிஷம்கூட என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் அவர் வந்தபோது வாசலிலேயே நிறுத்தினேன்.

"நீங்க தொட்டாலே வண்டி நிக்குது தம்பி. இனிமே இதத் தொட வாணாம்."

அவர் முகம் செத்துப்போனது. ஏதோ சொல்ல வந்தார், உள்ளே கட்டிலில் படுத்திருந்த அண்ணனைப் பார்த்தார், சொல்லாமல் போய்விட்டார். அதையும் நான் குற்றவாளியின் மௌனம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மணவாளநல்லூர் எங்கள் ஊரை ஒட்டித்தான் இருக்கிறது. அங்கே கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். மாடு காணாமல் போனவர்கள், வரப்பைத் தள்ளி வெட்டினான் என்று அழுகிறவர்கள், நம்பிக் கொடுத்ததை இல்லையென்று சொல்லக் கேட்டவர்கள் எல்லாம் காகிதத்தில் மனு எழுதி, சாமி பாதத்தில் வைத்து எடுத்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வருவார்கள். எதிராளி யார், எந்த இடம், கோயிலிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்றெல்லாம் எழுத வேண்டும். சாமி வழி தெரிந்து போக வேண்டாமா? தொண்ணூறு நாளுக்குள் தீர்ப்பு கிடைக்கும் என்பது நம்பிக்கை. குறை தீர்ந்துவிட்டால், அல்லது சமாதானமாகிவிட்டால், கட்டியவரே வந்து ராஜினாமா கொடுத்துப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும்.

சனிக்கிழமை ஷேர் ஆட்டோவில் போனேன். எழுதிக் கொடுக்கிறவர் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"எதிராளி யாரும்மா?"

பேரைச் சொன்னேன்.

"உறவா?"

"வூட்டுக்காரரு தம்பி."

அவர் பேனா ஒரு நொடி நின்றது. "என்னா கொற?"

"என் புருஷன் போற வண்டியில கை வைக்கிறாரு. அவர் உயிருக்கு ஆபத்து. அந்தக் கைய சாமிதான் கேக்கணும்."

சொன்னபடியே எழுதினார். கட்டிவிட்டு வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது. வாசலில் கரும்புச் சாறு வாங்கிக் குடித்தேன். அன்று எனக்கு அது இனித்தது.

அவர் தொடாமலே திங்கட்கிழமையும் வண்டி நின்று நின்றுதான் போனது; முன்பு கை வைத்ததன் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை காலை டெர்மினலை மாட்டியும் செத்துச் செத்துப் போன வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்து, நான் யூனிட்டில் சூளைக்கு முன்னால் நின்றிருந்தபோது போன் வந்தது. என் கணவர்தான் பேசினார். நான் இல்லாத நேரமாகப் பார்த்துத் தம்பியைக் கூப்பிட்டு வண்டியை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லியிருக்கிறார். எஞ்சினை ஓடவிட்டு உள்ளே ஒயரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று சுற்றியதில் வலது கை ஆட்காட்டி விரலும் நடுவிரலும் சிக்கிக்கொண்டன. பெரியாஸ்பத்திரியில் தையல் போடுகிறார்கள் என்றார்.

சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கேட்டதும் முதலில் எனக்கு வந்தது திருப்திதான். கையைக் கேள் என்றேன், சாமி கேட்டுவிட்டது. மூன்றே நாளில். சூளைச் சூட்டில் நின்றுகொண்டு நான் அப்படி நினைத்தேன். பயம் பிறகுதான் வந்தது, அதுவும் கொஞ்சம்தான்.

வியாழக்கிழமை விடியற்காலை. வழக்கம்போல பானட்டைத் திறந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, டெர்மினலை மாட்டி ஸ்பேனரால் முடுக்கிக்கொண்டிருந்தேன். கேட் திறக்கும் சத்தம் கேட்டது. கொழுந்தனார். வலது கையில் பெரிய கட்டு. பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து நடந்தே வந்திருந்தார்.

"என்னா அண்ணி பண்றீங்க?"

டார்ச்சை வாயிலிருந்து எடுத்தேன். "பாத்தா தெரியல? டெர்மினல் மாட்டுறேன்."

"கழண்டுகிச்சா?"

"நான்தான் நேத்து சாயங்காலம் கழட்டி வச்சேன். தெனமும் கழட்டித்தான் வைக்கிறேன். பேட்டரி எறங்கக் கூடாதுல்ல."

அவர் படியில் உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நேத்து அண்ணன் போன்ல சொன்னாரு. வண்டி ஓடினாலும் ஓடாட்டியும் அதுல இருக்கற கடிகாரம் மட்டும் தெனமும் புதுசாப் பொறக்குதுடான்னாரு. சிரிச்சிகிட்டுத்தான் சொன்னாரு. எனக்குத்தான் தூக்கம் வரல. கடிகாரம் பன்னண்டுக்குப் போவுதுன்னா கரண்ட் முழுசா போவுதுன்னு அர்த்தம். யாரு எடுக்கறாங்கன்னு பாக்கத்தான் வந்தேன்."

பிறகு மெதுவாக, கடைக்கு வருகிற ஆளுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். வண்டிக்குள் ஒரு பெட்டி இருக்கிறது. இந்த எஞ்சினுக்கு, இந்தக் கரி படிந்த வாய்க்கு, எவ்வளவு காற்று விட்டால் நிற்காமல் ஓடும் என்று அது ஓட ஓடக் கற்றுக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றினால் கற்றது முழுக்க மறந்துவிடும். மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டும். அது பகல் முழுக்க ஓடிக் கற்றுக்கொண்டதைச் சாயங்காலம் நான் ஒரு ஸ்பேனரால் அழித்திருக்கிறேன். மழை பெய்த அன்று மட்டும்தான் அழிக்கவில்லை.

"நான்தான் கேட்டிருக்கணும். ஓட ஓடத் தானா சரியாயிடும்னு சொன்னனே தவிர, திரும்பக் கழட்டாதீங்கன்னு சொல்லலையே" என்றார்.

ரேடியேட்டரைப் பிடித்துக்கொண்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவர் இரண்டு வாரமாகத் தேடிய கோளாறு வண்டியில் இல்லவே இல்லை, என் கையில் இருந்தது. இல்லாத ஒன்றைத் தேடப் போய்த்தான் அந்த விரல்கள் ஃபேனுக்குள் போயின. "தம்பி" என்றேன்.

அவர் என் கையிலிருந்த ஸ்பேனரை இடது கையால் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக் கதவை ஒரு முறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"கோயில்ல ராஜினாமா குடுத்துடுங்க அண்ணி. அண்ணனுக்குத் தெரிய வாணாம்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"எழுதிக் குடுத்தாரே, அவரு ஸ்கூட்டர் நம்ம கடையிலதான் நிக்குது. அன்னைக்கி சாயங்காலமே தெரியும்."

சனிக்கிழமை சாயங்காலமே தெரியும். தெரிந்தும், அந்தக் கையை சாமி கேட்க வேண்டும் என்று நான் கட்டி வைத்திருப்பது தெரிந்தும், செவ்வாய்க்கிழமை அண்ணன் கூப்பிட்டதும் வந்து அதே கையை எஞ்சினுக்குள் விட்டிருக்கிறார்.

அன்று கடலூருக்கு மூன்று பேரும் போனோம். ஊரை விட்டுக் கிளம்பும் முன் அரை மணி நேரம் வண்டியை வாசலில் சும்மா ஓடவிடச் சொன்னார். எஞ்சின் திணறும்போதெல்லாம் என் கால் தானாக ஆக்சிலேட்டருக்குப் போனது. "கால வைக்காதீங்க அண்ணி, அதுவா கத்துக்கட்டும்" என்றார். நின்றது, ஸ்டார்ட் செய்தேன், மறுபடி நின்றது. போகப் போக நடுக்கம் குறைந்தது. என் கணவர் முன் சீட்டில் உட்கார்ந்து கடிகாரத்தைச் சரி செய்தார். அதுதான் அவர் அதைத் திருத்திய கடைசி முறை. அதற்குப் பிறகு தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மணவாளநல்லூருக்கு வண்டியிலேயே போனேன். தனியாகப் போகிறேன் என்றுதான் சொன்னேன். கொழுந்தனார் கேட்காமல் வந்து இடது பக்கம் ஏறிக்கொண்டார். "ஐட்லிங் பாக்கணும்" என்றார். கோயில் வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைக்கப் போனேன். "அணைக்காதீங்க, ஓடட்டும். நான் இருக்கேன்" என்றார்.

உள்ளே அதே மனிதர்தான் உட்கார்ந்திருந்தார். இந்த முறை நிமிர்ந்து பார்த்தார்.

"கொற தீந்துதாம்மா, இல்ல சமாதானமா?"

இரண்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். "தப்பு என்னுதுங்க. அப்படியே எழுதிக்குங்க" என்றேன். அப்படி எழுத முடியாது என்று சொல்லிவிட்டு, குறை தீர்ந்தது என்று எழுதினார். சாமி முன்னால் நின்று, நான் கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன். பிராதைத் திரும்பப் பெறலாம். சிதைந்த விரல் பழையபடி ஆகாது என்பது அங்கே நின்றிருந்தபோது எனக்குத் தெரிந்தே இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் இடது பக்கமே உட்கார்ந்திருந்தார்.

"நீங்க ஓட்டுங்க அண்ணி. என் கையால முடியாது" என்றார். குத்திக்காட்ட அவர் சொல்லவில்லை. அதனால்தான் அது எனக்குக் குத்தியது.

அந்த வண்டி பிறகு என்னை ஒரு நாளும் கைவிடவில்லை. திங்களும் வியாழனும் ஒன்றேகால் வருஷம் கடலூருக்கு ஓட்டினேன். நான் ஓட்டுவதைப் பற்றிக் கொழுந்தனார் அப்புறம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் அவரிடம் மன்னிப்பு என்ற சொல்லைச் சொன்னதில்லை. பலமுறை தொண்டைவரை வந்தது. ஒவ்வொரு முறையும் அவர் வேறு ஏதாவது பேச ஆரம்பித்துவிடுவார். அண்ணனிடம் அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. என் கணவர் கடைசிவரை அந்தப் பிராதைப் பற்றித் தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

பிள்ளை இல்லாததால் தம்பிதான் கொள்ளி வைக்க வேண்டும். வீட்டு வாசலில் பாடையைத் தூக்கும்போது அவர் கையில் கொள்ளிச்சட்டியைக் கொடுத்தார்கள். உறிக் கயிற்றை அவர் இடது கையில் வாங்கினார். யாரோ ஒரு பெரியவர், "சோத்துக் கையில பிடிப்பா" என்று அதட்டினார். அவர் வலது கைக்கு மாற்றினார். சுண்டு விரலும் மோதிர விரலும் கட்டை விரலும் கயிற்றைப் பிடித்தன. மற்ற இரண்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றன. பக்கத்திலிருந்த பெண்கள் நான் புருஷனுக்காகத் தலையில் அடித்துக்கொள்கிறேன் என்று நினைத்து என் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள்.